மகளுக்குச் சர்க்கரை இறங்கியபோது

33-வது வாரத்திலேயே வலி எடுத்துவிட்டதால் கோபியிலிருந்து ஈரோட்டுக்கு அனுப்பினார்கள். கர்ப்பகாலச் சர்க்கரைக்கு ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தையின் நுரையீரல் பலப்பட டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள்: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி.

ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஏறியது. வழக்கமான இன்சுலின் போதவில்லை. ராத்திரியிலும் விரலில் குத்திப் பார்த்து அளவைக் கூட்டினார்கள். பத்தியச் சாப்பாட்டால் மட்டும் அடங்குகிற ஏற்றம் இல்லை அது.

எனக்கு ஏறினால் பிள்ளைக்கு ஏன் இறங்க வேண்டும்? தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேரும், இன்சுலின் போகாது. அதனால் பிள்ளையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கும். கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், சுரந்த இன்சுலின் மட்டும் உடம்பில் மிச்சமிருக்கும். முதல் சில மணி நேரம் ஆபத்தானது இதனால்தான். குறைமாதப் பிள்ளைக்குக் கையிருப்பும் குறைவு.

பிறந்ததும் மகள் நன்றாகத்தான் அழுதாள். நடுக்கமோ சோர்வோ எதுவும் தெரியவில்லை. ஆனால் குதிகாலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 36. அந்த வார்டில் 45-க்குக் கீழே போனாலே உடனே கவனிப்பார்கள். வெளியே ஒன்றும் தெரியாமலே இறங்கும் என்பதை நேரில் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அம்மா பதறிப்போய், "ஏனுங் சிஸ்டர், ரெண்டு சொட்டு சீனித்தண்ணி வெச்சா ஆகாதுங்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணி தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள், அந்தப் பழக்கம் உண்டு. "வேண்டாங்கம்மா, சீம்பால் பீச்சிக் குடுக்கலாம்" என்று சொல்லி சிஸ்டர் எனக்குக் கையால் பீச்சக் கற்றுக்கொடுத்தார். உறிஞ்சத் தெரியாத பிள்ளை, பாலாடையில்தான் கொடுத்தோம். மறுபடி பார்த்தபோதும் ஏறாததால் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினார்கள். அதையும் சட்டென்று நிறுத்தவில்லை. பால் கூடக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், ஒவ்வொரு பாலுக்கு முன்னும் குத்திப் பார்த்தார்கள். அந்தச் சின்னக் குதிகாலைப் பார்க்கவே மனசு தாங்காது, ஆனாலும் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

இதைக் கேட்ட ஒரு தங்கை, அந்த ஸ்டீராய்டு ஊசியே வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்றாள். கூடாது. குறைமாதப் பிள்ளையின் மூச்சுக்கு அது பெரிய காப்பு. உங்களுக்கும் இந்த நிலை வந்தால், ராத்திரியிலும் சர்க்கரை பார்க்க ஆள் இருக்கிறார்களா, பிள்ளைக்கு டிரிப் போடும் வசதி அங்கேயே உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.