வண்டியின் பிரேக் வேலைக்கு என் டார்க் ரெஞ்சை, அதாவது பிடியில் வைத்த முறுக்கு விசை எட்டியதும் கிளிக் என்று சத்தம் போடும் ஸ்பேனரை, இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தந்தபோது கேட்டேன்: கழற்றவும் அதையே போட்டீங்களா?

"இல்லண்ணே, முன்சக்கரத்துல ஒரே ஒரு நட்டுதான். அது அசையவே மாட்டேன்னுது."

இந்தப் பதிலைத் தாண்டி மனம் நகரவில்லை. டார்க் ரெஞ்ச் முடுக்குவதற்கு மட்டும், கழற்ற பிரேக்கர் பார் (அளவு எதுவும் இல்லாத நீளமான கைப்பிடி) என்று கொடுக்கும்போதே சொன்னதுதான். தலையாட்டினார். பெட்டி துடைத்துச் சுத்தமாகத் திரும்பி வந்தது. பிடியில் அளவு மட்டும் 110 நியூட்டன் மீட்டரில் (முறுக்கு விசையின் அலகு) நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் கேள்வி வந்தது.

110-இல் நின்றதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். கிளிக் வகை ரெஞ்சின் குழலுக்குள் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் இருக்கிறது. வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் குறைந்த எண்ணுக்கு, 40–200 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் என்றால் 40-க்கு, இறக்கி வைக்க வேண்டும். அதற்கும் கீழே முழுக்கத் தளர்த்திவிடக் கூடாது, உள்பாகங்கள் இடம் பிசகும். மாதக்கணக்கில் அழுத்தத்திலேயே கிடந்தால்தான் ஸ்பிரிங் தளரும்; ஓரிரவில் ஒன்றும் ஆகிவிடாது.

கழற்றியது அப்படியில்லை. துருப்பிடித்த வீல் நட்டு இளக 250 நியூட்டன் மீட்டருக்கு மேலேயும் கேட்கும். கிளிக் சத்தம் வெறும் அறிவிப்பு. அதற்கு மேல் இழுப்பதை ரெஞ்ச் தடுக்காது. மிச்ச விசை முழுவதும் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் பிவட்டிலும் (கிளிக் வரும்போது மடங்கும் மூட்டு) ரேட்சட் பல்லிலும் போய் இறங்கும். பிடியில் பைப் சொருகினாரா என்றும் கேட்க நினைத்து விட்டுவிட்டேன். அதற்கும் "ஒரே ஒரு தடவை" என்று பதில் வந்திருக்கும் என்று நினைப்பது நியாயமில்லைதான்.

ரெஞ்ச் கெட்டிருந்தால் காலிப்ரேஷனுக்கு (அளவைச் சோதித்துச் சரிசெய்ய) அனுப்பினால் போயிற்று. டார்க் ரெஞ்சுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 6789 படி 12 மாதம் அல்லது 5000 கிளிக், எது முதலில் வருகிறதோ அப்போது எப்படியும் அனுப்பியாக வேண்டும். உறுத்துவது அவர் வேலை செய்த வரிசை. முதலில் அந்த நட்டைக் கழற்றினார். பிறகு பிரேக் பேடு, டிஸ்க் மாற்றி, காலிப்பர் பிராக்கெட் (பிரேக் பேடைப் பிடித்திருக்கும் சட்டம்) போல்ட்டுகளையும் நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் அதே ரெஞ்சால் முடுக்கியிருக்கிறார். ரெஞ்ச் கெட்டது உண்மையானால், அது கெட்ட பிறகு போட்ட ஒவ்வொரு போல்ட்டும் சந்தேகத்துக்கு உரியது. அவை அவருடைய வண்டியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வைஸில் (மேசைப் பிடியில்) வைத்துப் பார்த்தாயிற்று. ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, ரெஞ்ச் கிடைமட்டமாக நிற்க, பிடியின் நடுக்கோட்டில், அந்தச் சதுர முனையிலிருந்து சரியாக 45 செ.மீ. தூரத்தில், 20 கிலோ தொங்கவிட வேண்டும். 20 × 9.81 (புவியீர்ப்பு) × 0.45 என்றால் 88.3 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும்; 1.5 கிலோ ரெஞ்சின் எடைமையம் 20 செ.மீ.-இல் இருந்தால் இன்னொரு 3. ஆக 91. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த எண்ணோடு கிளிக் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 97 வரை கிளிக் வந்தது; 97 வைத்தால் உண்மையில் 91தான். 110 வைத்தால் நட்டுக்குக் கிடைப்பது 103 என்று அர்த்தம். அனுமதிக்கப்பட்ட பிழை 4 சதவீதம், இங்கே 6-ஐத் தாண்டுகிறது. ஆனால் வைஸும் டேப்பும் வைத்துச் செய்யும் சோதனையில் ஓரிரு சதவீதம் இப்படி அப்படி இருக்கும். போன காலிப்ரேஷன் சான்றிதழ் அப்போது சரியாக இருந்தது என்று சொல்கிறதே தவிர, இரவல் போவதற்கு முந்தைய நாள் எப்படி இருந்தது என்று சொல்லாது. அவர் கெடுத்தார் என்று அடித்துச் சொல்ல இது போதாது.

6 சதவீதத்தால் சக்கரம் கழன்றுவிடுமா? கழலாது. போல்ட்டில் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியிலும், 40 சதவீதம் மரையிலும் உராய்வாகவே போய்விடும். இறுக்கிப் பிடிக்க உதவுவது 10 சதவீதம் அளவுதான். மரையில் துரு இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்பதற்கே அந்தப் பிடிப்பு 20, 30 சதவீதம் மாறும். அதற்கு முன்னால் ரெஞ்சின் 6 எந்த மூலை? இப்படிக் கணக்குப் போட்டுத்தான் முதலில் சமாதானம் வந்தது. சமாதானத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது: மரை துருப்பிடித்து, ரெஞ்சும் குறைவாகக் கிளிக் செய்தால் இரண்டும் ஒரே பக்கம் சேரும். துருப்பிடித்திருந்ததால்தானே அந்த நட்டு அசையவில்லை?

அவரிடம் சொன்னேன். "சரிண்ணே, வேற ரெஞ்ச் வச்சு ஒரு கிளிக் பாத்துடறேன்" என்றார். அந்தச் சோதனை ஏமாற்றும். ஏற்கெனவே முடுக்கிய நட்டை மறுபடி நகர்த்த நிலை உராய்வைத் தாண்ட வேண்டும். 103-இல் நிற்கும் நட்டு, 110 வைத்த ரெஞ்சுக்கு அசையாமலே கிளிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, மரையைச் சுத்தம் செய்து, குறுக்கு வரிசையில் திரும்ப முடுக்க வேண்டும். காலிப்பர் பிராக்கெட் போல்ட்டில் பழைய லாக்டைட் (மரை இளகாமல் பிடிக்கும் பசை) பொடியைக் கம்பி பிரஷால் எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். சில வண்டிகளில் அந்த போல்ட்டே ஒருமுறைக்கு மட்டும்தான், சர்வீஸ் மேனுவல் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. செய்தாரா என்று தெரியாது. திரும்பக் கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும் என்று விட்டாயிற்று. இது சரியா என்று இன்னும் பிடிபடவில்லை.

வெளியே பளபளவென்று இருந்துகொண்டு பொய் சொல்லும் கருவிகள் இன்னும் உண்டு. சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் கேஜின் ஹோஸ் முனையில் இருக்கும் வால்வு டயர் வால்வு போலவே இருக்கும், ஆனால் அதன் ஸ்பிரிங் மிக மென்மையானது. யாராவது தொலைத்துவிட்டு டயர் வால்வைப் போட்டுத் தந்தால், எல்லா சிலிண்டரும் குறைவாகக் காட்டும். நல்ல எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும். எஞ்சின் வால்வுகள் திறக்கும் நேரத்தைச் சரிவைக்கும் டைமிங் கிட்டில் இருக்கும் லாக்கிங் பின், கேமை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) சரியான நிலையில் நிறுத்த மட்டும். அதையே பிடிமானமாக வைத்து கிராங்க் புல்லி போல்ட்டைக் கழற்றினால் பின் லேசாக வளையும். அடுத்து வாங்கிப் போகிறவரின் டைமிங் தப்பும்.

இப்போது அதே ஆள், அதாவது பிரேக் வேலை செய்தவர், ஸ்டிரட் ஸ்பிரிங் கம்ப்ரசர் (சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) கேட்டிருக்கிறார். அதில் உராய்வுக் கணக்குச் சமாதானமெல்லாம் செல்லாது. மரைத்தண்டில் கிரீஸ் இல்லாமல் இம்பாக்ட் கன்னை (அடித்து அடித்து முடுக்கும் பவர் கருவி) போட்டால் மரை சூடேறிக் கடித்து உரியும். இரண்டு கொக்கிகளும் நேரெதிரே இல்லாவிட்டால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து வழுக்கும். விடுபட்ட ஸ்பிரிங் ஆளைக் கொல்லக்கூடியது. "ஸ்டிரட்டைக் கழற்றி இங்கே கொண்டு வாங்க தம்பி, ஸ்பிரிங்கை இங்கேயே மாத்தித் தர்றேன்" என்று சொல்லியாயிற்று. முகம் கொஞ்சம் சுருங்கியது.

டார்க் ரெஞ்ச் காலிப்ரேஷன் முடிந்து வந்து, வேறொருவரிடம் மறுபடி இரவல் போயிருக்கிறது. இந்த முறை 60 செ.மீ. பிரேக்கர் பாரும் 19, 21 சாக்கெட்டுகளும் அதே பெட்டியில் போயிருக்கின்றன. போவதற்கு முன் வைஸில் பார்த்த எண் மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறது. கொடுக்காமலே இருந்திருக்கலாம்தான். கொடுக்காவிட்டால் அவர் கை உத்தேசத்தில் முடுக்குவார், அந்த உத்தேசம் 6 சதவீதத்தோடு நிற்காது.