செண்டுமல்லி, கடுக்காய், கொஞ்சம் துருப்பிடித்த ஆணி

ஜூலை

வீட்டிலேயே துணிக்கு இயற்கைச் சாயம் ஏற்றக் கிளம்பிய கதை இது. முதலில் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் ஒரு பழைய வெள்ளை டி-ஷர்ட்டை ஊறவைத்தேன். அருமையான மஞ்சள். இரண்டு நாள் போட்டுத் திரிந்துவிட்டு துணி சோப்பில் துவைத்தால், செக்கச்செவேலென்று சிவந்துவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைத்து வளர்ந்தவள் நான். சோப்பும் காரம்தான் என்பது ஏன் உறைக்கவில்லையோ! அலசியதில் சிவப்பு போனது. மொட்டைமாடி வெயிலில் நாலு நாள் காய்ந்ததில் மிச்ச மஞ்சளும் போனது.

அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார் என்று தெரியும். சிரித்தார். அவர் திருப்பூரில் சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவர். "என்ன அம்மிணி, ஊரே சாயம் வேண்டாம்னு ஓடுது, நீ பெங்களூர்ல போயி பட்டறை போடறயா?" என்றார்.

ஏன் ஆரம்பித்தேன் என்றால், பெரிய இலட்சியம் ஒன்றுமில்லை. ஆபீஸில் பக்கத்து இருக்கைப் பெண் இயற்கைச் சாயக் குர்தா ஒன்றை மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கி வந்து, சூழலுக்கு நல்லது என்றாள். அலமாரியில் ஏற்கெனவே இருபது குர்தா வைத்திருப்பவள் இருபத்தோராவதை வாங்குவது எப்படிச் சூழலுக்கு நல்லது என்று எனக்குப் புரியவில்லை. பொறாமையும் கொஞ்சம் உண்டு. நிறம் அவ்வளவு அழகு. ஒரு வருடம் புதுத்துணி வாங்காமல், இருப்பதையே என் துணி மாதிரி ஆக்கிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். என்னிடம் இருந்தவை பெரும்பாலும் ஊரிலிருந்து அள்ளிவந்த எக்ஸ்போர்ட் ரிஜெக்ட். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரிக்காகத் தைத்து, தையல் கோணியதால் எனக்கு வந்தவை.

ஆகஸ்ட்

அப்பா முதலில் சொன்னது, துணியைச் சுத்தம் பண்ணு என்பது. புதுசோ பழசோ, துணியில் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். துவைத்த டி-ஷர்ட்தான், ஆனாலும் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது.

அடுத்தது கடுக்காய். பருத்திக்குத் தாவரச் சாயம் தானாகப் பிடிக்காது. முதலில் துவர்ப்பு ஏற வேண்டும், பிறகு படிகாரம், அதற்கப்புறம்தான் நிறம். இந்த நடுப்படி தெரியாமல்தான் வெங்காயத் தோலை வேகவைத்துச் செய்த இரண்டாவது முயற்சியும் முதல் அலசலிலேயே வெளுத்தது. அல்சூரில் நாட்டு மருந்துக் கடையை கிரந்திகே அங்கடி என்கிறார்கள். கடுக்காய் என்று கேட்டால் விழித்தார்கள். அளலேகாயி என்றதும் கிடைத்தது. இருநூறு கிராம் துணிக்கு 40 கிராம் கடுக்காய்ப் பொடி, 30 கிராம் படிகாரம். பச்சை நிறம் வேண்டுமானால் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாம் என்று எங்கேயோ படித்ததை அப்பாவிடம் சொன்னேன். அப்பாவின் குரல் மாறிவிட்டது. "அது மட்டும் வேண்டாம் கண்ணு. தண்ணில போனா மீனுக்கு ஆகாது."

ஆயுத பூசைக்கு மறுநாள்

பெங்களூரில் அன்றைக்குத் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும். குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய், முக்கு முக்காகக் குவிந்த வாழைக்கன்றுகள், பஸ், ஆட்டோ, ஏடிஎம் எங்கும் தொங்கும் செண்டுமல்லி. எங்கள் தெரு ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு தமிழ் அண்ணனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சாமிக்குப் போட்டது இல்லம்மா, வண்டிக்குப் போட்டது. தாராளமா எடுத்துக்க" என்று அவரே ஐந்தாறு வண்டி மாலைகளை உருவிக் கொடுத்தார். மாலையில் பாதி பிளாஸ்டிக் ஜரிகை. பிரித்தெடுப்பதற்குள் விரல் நுனியெல்லாம் மஞ்சள். பச்சைக் காம்பை விலக்கி, இதழை மட்டும் நிழலில் நாலு நாள் காயப்போட்டேன். ஒரு பெரிய பை பூ காய்ந்து இருநூறு கிராமுக்குச் சற்று மேலே நின்றது.

முதலில் டி-ஷர்ட்டை வைத்துச் சோதனை. பழைய இரும்புக் கடையில் வாங்கிய எவர்சில்வர் குண்டானில், கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம். பொன்மஞ்சள் வரும் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். வந்தது பாசி நிறம். குளத்துப் படிக்கட்டில் வழுக்குமே, அந்த நிறம்.

"எந்தத் தண்ணி?" என்றார் அப்பா. போர்வெல் தண்ணீர். எங்கள் பாத்ரூம் குழாயடியில் பழுப்பாகக் கறை படிந்திருப்பதை வீடியோ காலில் காட்டியதும் விஷயம் முடிந்தது. தண்ணீரில் இரும்பு இருந்தால் மஞ்சள் செத்துவிடும். அடுத்த முறை காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்துக் குர்தாவைப் போட்டேன். வெயிலில் பிடித்தால் கண் கூசும் மஞ்சள்! அறைத்தோழி குண்டானை எட்டிப்பார்த்து, "அக்கா, சாம்பார்னு நினைச்சேன்" என்றாள்.

நவம்பர்

இந்த இடத்தில் ஒரு கணக்கு. ஊறவைக்க, வேகவைக்க, ஒவ்வொரு படிக்கும் நடுவே அலச என்று ஒரே ஒரு குர்தாவுக்கு ஐம்பது லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. காஸ் தனி. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர் இது. காவிரித் தண்ணீர் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேறி வருகிறது. "பட்டறையில ஒரு கிலோ துணிக்கு ஒரு பாத்துக்கு, ஒரு தடவை முக்கறதுக்கு, எட்டு லிட்டர் வைப்போம். நீ இருநூறு கிராமுக்கு ஆறு லிட்டர் ஊத்தறே. கிலோவுக்கு முப்பது ஆச்சு. யாருகிட்ட போயி சூழல்னு சொல்லுவே?" என்றார் அப்பா. பதில் இல்லை. அதற்குப் பிறகு ஒரே சாயத்தண்ணீரில் மூன்று துணி போடுகிறேன். இரண்டாவது வெளிர் மஞ்சள், மூன்றாவது பழைய பேப்பர் நிறம். மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்பாவுக்கு அதுவும் புரியவில்லை. "ஷேடு மாறுனா எங்களுக்கு லாட்டே ரிஜெக்ட். உனக்கு அது அழகா?"

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடியபோது நான் பள்ளிப் பிள்ளை. அப்பா மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். ஊர் நடுவே ஓடும் நொய்யல் ஆறு அன்றைக்கு என்ன நிறத்தில் ஓடுகிறதோ அதுதான் அன்றைய ஆர்டர் என்று அதுவரை நாங்கள் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்கு நிற்க வேண்டிய தண்ணீர் சாயக்கழிவாக நின்றது. நொய்யல் போய்ச் சேர்வது காவிரியில்தான். மேலே அதே காவிரியை எடுத்து நான் பூவை வேகவைத்துக்கொண்டிருக்கிறேன். குண்டானைக் கிளறும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து தொலைக்கும்.

அதனால் அந்த மஞ்சள் குர்தாவின் முதுகில் நொய்யலை வரைந்தேன். துணியில் கையால் ஓவியம் வரையும் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்கவைப்பார்கள். நானும் ஒரு ஜாடியில் ஆணிகளைப் போட்டு மூன்று வாரம் வைத்தேன். அறைத்தோழி ஜாடியை மாடிக்குத் துரத்திவிட்டாள், நாற்றம் அப்படி. மூங்கில் குச்சியில் துணி சுற்றி, தோள்பட்டையில் வெள்ளியங்கிரி மலையிலிருந்து தொடங்கி, பேரூர், சூலூர் என்று கோடு இழுத்தேன். மை முதலில் அழுக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கண் முன்னே கறுக்கும். அந்த ஒரு கணத்துக்காகவே இன்னொரு முறை செய்யலாம்.

ஆனால் கடுக்காய்க் கரைசலில் கலம்காரிக்காரர்கள் பால் சேர்ப்பது மை பரவாமல் இருக்கத்தான். நான் பாலை மிச்சம் பிடித்திருந்தேன். இடுப்புக்குச் சற்று மேலே, திருப்பூர் வரும் இடத்தில், குச்சியை யோசித்தபடி ஒரு நொடி வைத்துவிட்டேன். மை ஊறி உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. எலுமிச்சம்பழம் தேய்த்து எடுத்துவிடலாம் என்றார்கள். விட்டுவிட்டேன்.

இப்போது

குர்தா ஐந்து முறை துவைத்தாகிவிட்டது. மஞ்சள் கொஞ்சம் தணிந்து, நின்றுவிட்டது. கறுப்பு அப்படியே. ஆபீஸில் எந்த பிராண்ட் என்று இரண்டு பேர் கேட்டார்கள். மின்தூக்கியில் பின்னால் நின்ற ஒருவர், ஊர் சேலத்துப் பக்கம், "முதுகுல என்னங்க, ஆறா?" என்றார். பக்கத்து இருக்கைப் பெண் அவளுடைய பழைய வெள்ளைத் துப்பட்டாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்திருக்கிறாள். குண்டானில் மூன்றாவது துணிக்கு இடம் இருக்கிறது, பார்க்கலாம்.

அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு அழைத்தார். கறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இரும்பு அதிகமா ஏறுன எடத்துல நூல் இத்துப்போகும் அம்மிணி. அந்த எடந்தான் முதல்ல கிழியும்."

"சரிங்கப்பா. ஒட்டு போட்டுக்கறேனுங்க" என்றேன். மஞ்சள்தூள் டி-ஷர்ட்டில் ஒரு கை இன்னும் மிச்சம் இருக்கிறது.