பி.ஜி.க்களை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும்போது: மூன்று மாதம் வீணாகாமல் இருக்க

எம்.டி., எம்.எஸ். படிக்கும் பி.ஜி.க்கள் (முதுநிலை மருத்துவ மாணவர்கள்) எல்லோரும் மூன்று மாதம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தாக வேண்டும் என்பது 2021-ல் சேர்ந்த பேட்ச் முதல் கட்டாயம். தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி இது. டி.ஆர்.பி. (டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சி புரோகிராம்) போஸ்டிங் என்றால் மருத்துவக் கல்லூரிகளில் எல்லோருக்கும் தெரியும். முடிக்காதவர் இறுதித் தேர்வு எழுத முடியாது. 3, 4, 5-ஆம் செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் போக வேண்டும். ஸ்டைபண்டை (மாத உதவித்தொகை) அவர்கள் படிக்கும் தாய்க் கல்லூரிதான் தொடர்ந்து தர வேண்டும். வாரம் ஒரு நாள் ஓய்வு. முதலில் 100 படுக்கை உள்ள மருத்துவமனை வேண்டும் என்றிருந்ததை 2023 விதிகளில் 50 படுக்கை என்று குறைத்தார்கள்.

விதி நல்ல விதி. நடைமுறையில்தான் சிக்கல். கல்லூரித் துறைகள் இதை ஆள் குறையும் மூன்று மாதமாகப் பார்க்கின்றன. மாவட்ட மருத்துவமனை நைட் டூட்டிக்கு ஆள் கிடைத்த மூன்று மாதமாகப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே கற்பித்தல் காணாமல் போகிறது. என் கருத்து ஒன்றுதான்: அந்தச் சிறிய மருத்துவமனையில் இன்னார்தான் ஆசிரியர் என்று பெயர் சொல்லி நியமித்து, அவருக்கு அதற்கென நேரமும் ஒதுக்கினால் இந்தப் போஸ்டிங் பயிற்சி ஆகும். இல்லையென்றால் அது வெறும் டூட்டி சார்ட்.

தமிழ்நாட்டில் கூடுதலாக ஒரு முடிச்சு உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் (டி.எம்.இ.) கீழ். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் தாலுகா மருத்துவமனைகளும் மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் (டி.எம்.எஸ்.) கீழ். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழ். மூன்றும் ஒரே செயலகத்துக்குப் போனாலும் கோப்புகள் தனித்தனி. டீன் போடும் உத்தரவு மாவட்ட இணை இயக்குநரை (ஜே.டி.) கட்டுப்படுத்தாது, ஜே.டி. போடும் டூட்டி சார்ட் கல்லூரித் துறைத் தலைவரின் கண்ணுக்கு வராது. அதனால் மாணவர் போய் இறங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது டீன், ஜே.டி., மருத்துவமனைக் கண்காணிப்பாளர் மூவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் தயாராக வேண்டும். யார் வழிகாட்டி, வாரத்தில் எத்தனை நைட், லீவு யாரிடம் கேட்பது, லாக்புக்கில் (பயிற்சிப் பதிவேடு) யார் கையெழுத்து, எங்கே தங்குவது என்ற ஐந்தும் அதில் இருந்தால் போதும். இந்தக் கடிதம் இல்லாத இடத்தில் முதல் இரண்டு வாரம் அறை தேடுவதிலேயே போகிறது.

பழைய தலைமை மருத்துவமனைகள் பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளாகிவிட்டதால், நம் மாநிலத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை பெரும்பாலும் இன்னொரு ஊரில் இருக்கிறது. மதுரைக்கு உசிலம்பட்டி, தஞ்சாவூருக்குக் கும்பகோணம், தேனிக்குப் பெரியகுளம். தூரம் அதிகமில்லை. ஆனால் அந்தக் குறைந்த தூரமே சில சமயம் கெடுதல்: பி.ஜி. தினம் பஸ்ஸில் போய் வந்துவிடுவார், நைட் இருக்க மாட்டார். கற்க வேண்டியதில் பெரும்பகுதி இரவில்தான் வருகிறது.

முதலில் அனுப்பும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் துறைகள் தடுமாறுகின்றன. ஒரு துறையில் ஆண்டுக்கு 12 பி.ஜி. என்று வைத்துக்கொள்வோம். மூன்று செமஸ்டரில் மூன்று மாதக் கட்டங்கள் ஆறு. கட்டத்துக்கு இரண்டு பேர் என்று பிரிக்கத் தோன்றும். அப்படிப் பிரித்தால், சீனியர் பேட்ச் 5-ஆம் செமஸ்டரில் இருக்கும்போது ஜூனியர் பேட்ச் 3-ஆம் செமஸ்டரில் இருக்கும். இரண்டு பேட்சிலிருந்தும் சேர்த்து நான்கு பேர் வெளியே. அடுத்த அரையாண்டில் இரண்டே பேர். வார்டு ஒரு பாதி ஆண்டில் திணறும், மறு பாதியில் நிதானமாக ஓடும். அதற்குப் பதில் 1, 2, 3, 3, 2, 1 என்று பிரித்துப் பாருங்கள். 3-ஆம் செமஸ்டரில் 1, 2. 4-ஆம் செமஸ்டரில் 3, 3. 5-ஆம் செமஸ்டரில் 2, 1. இரண்டு பேட்சும் சேர்ந்து வரும் காலத்தையும் கூட்டினால் ஆண்டு முழுக்க எப்போதும் மூன்று பேர்தான் வெளியே இருப்பார்கள்.

இந்தப் பிரிப்பில் இன்னொரு நன்மை, பாதிப் பேர் 4-ஆம் செமஸ்டரில் போகிறார்கள். 3-ஆம் செமஸ்டரில் போகும் பி.ஜி.க்குத் தனியாக முடிவெடுக்கக் கை வராது. 5-ஆம் செமஸ்டரில் தீசிஸ் (ஆய்வேடு) கழுத்தைப் பிடிக்கும். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே அதைச் சமர்ப்பிக்க வேண்டுமே. எந்த செமஸ்டரில் போனாலும் தீசிஸ் டேட்டா மூன்று மாதம் நின்றுவிடக் கூடாது. அந்த இடைவெளியில் நோயாளிகளைச் சேர்க்கப் போகும் கோ-கைடின் (துணை வழிகாட்டி) பெயர் முதல் நாளே எதிக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் தாளில் இருக்க வேண்டும். பிறகு சேர்க்கப் போனால் திருத்தம், மறு அனுமதி என்று இழுக்கும்.

அங்கே போய் என்ன கற்பது என்று பி.ஜி.க்கள் கேட்பார்கள். ‘அங்கே சி.டி. கூட இருபத்து நாலு மணி நேரமும் ஓடாதே’ என்பார்கள். ஒரு பாம்புக்கடி கேஸை எடுத்துக்கொள்வோம்.

பெரிய மருத்துவமனையில் ரத்தம் லேபுக்குப் போகும், ரத்தம் எப்படி உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு வரும். சின்ன மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைதான். சிரையிலிருந்து 2 மி.லி. ரத்தம் எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் ஓடினால் உறையவில்லை, விரியன் (கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்) விஷம் வேலை செய்கிறது. இவ்வளவு எளிய சோதனை தப்பாகப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, கண்ணாடி இல்லையென்று பிளாஸ்டிக் குழாயை எடுப்பது. இன்னொன்று, சோப்புப் பொடி போட்டுக் கழுவிய பழைய குழாயை எடுப்பது. உறைதல் தொடங்குவதே கண்ணாடிப் பரப்பு ரத்தத்தைத் தூண்டுவதால்தான். பிளாஸ்டிக்கிலும் சோப்புப் படிந்த கண்ணாடியிலும் அந்தத் தூண்டுதல் கிடைக்காது. நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும், தேவையில்லாதவருக்கு ஏ.எஸ்.வி. (பாம்பு விஷ முறிவு மருந்து) ஏறிவிடும். இடையில் ‘ஆச்சா’ என்று குழாயைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பவர்களும் சோதனையைக் கெடுக்கிறார்கள்.

உறையவில்லை என்றால் 10 வயல் ஏ.எஸ்.வி. பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. பொடியாக வரும் வயலில் 10 மி.லி. நீர் விட்டுக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். பத்தையும் ஒருவரே கரைத்தால் நேரம் ஓடிவிடும், கரைந்ததை ஏற்றத் தொடங்கிவிட்டு மற்றதைக் கரைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஏறி முடிய வேண்டும். பக்கத்திலேயே, பெரியவர் என்றால் அட்ரினலின் 0.5 மி.கி. சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். அலர்ஜி வந்த பிறகு ஆம்ப்யூல் தேடக் கூடாது. அடுத்த உறைவுச் சோதனை ஆறு மணி நேரம் கழித்து, ஏனென்றால் உறைபொருள்களைக் கல்லீரல் மறுபடி உண்டாக்க அவ்வளவு நேரமாகும். இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு ‘இன்னும் உறையவில்லை’ என்று மறு டோஸ் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கட்டுவிரியன் வேறு, அதன் விஷம் நரம்பைத் தாக்கும். தரையில் படுத்திருந்தவர் அதிகாலையில் வயிற்றுவலி என்று வருவார். கடிவாய் வீங்காது, சில சமயம் கடித்த தடமே தெரியாது, ரத்தமும் உறையும். இமை தொங்குகிறதா, கழுத்தைத் தூக்க முடிகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் பிழைக்க வைப்பார். உறைவுச் சோதனை நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பினால் மூச்சு நின்ற பிறகுதான் திரும்ப வருவார். இதை எந்தத் தியரி வகுப்பும் கட்டிலருகே கற்றுத் தருவதுபோல் தராது. கற்றுத் தர அந்த இரவில் அனுபவமுள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஆசிரியர் ஆசிரியர் என்று சொல்கிறேன்.

அந்த ஆசிரியர் யார்? பெரும்பாலும் அதே மருத்துவமனையின் நிபுணர்தான். அவரும் எம்.டி., எம்.எஸ். முடித்தவர், பல சமயம் இதே கல்லூரியில் படித்தவர். ஆனால் ஓ.பி. முடித்து, ஆபரேஷன் முடித்து, காப்பீட்டுத் திட்டப் படிவங்களும் முடித்தால் அவருக்கு மூச்சு விடவே நேரமில்லை. அவரிடம் ‘பி.ஜி.யைப் பார்த்துக்கோங்க’ என்று மட்டும் சொன்னால் பார்த்துக்கொள்ளத்தான் செய்வார், கற்றுத் தர முடியாது. வாரம் ஒரு ஓ.பி. நாளின் கடைசி ஒரு மணி நேரத்தை அவருக்கு விடுவித்துத் தர வேண்டும். அந்த நேரத்தில் பி.ஜி. தன் லாக்புக்கோடு உட்கார வேண்டும். கல்லூரியிலிருக்கும் கைடும் வாரம் ஒரு முறை போனில் சேர்ந்தால் இன்னும் நல்லது. கைடோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது.

லாக்புக்கில் எத்தனை கேஸ் பார்த்தேன் என்று எண்ணிக்கை எழுதுவதால் பயனில்லை. பெரிய மருத்துவமனைக்கு ரெஃபர் செய்ததையும் செய்யாமல் வைத்துக்கொண்டதையும் எழுதச் சொல்லுங்கள். எதனால் அந்த முடிவு, அனுப்பும்போது பி.பி. என்ன, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது, பிறகு என்ன ஆயிற்று.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைப் பாருங்கள். சீமாங் மையம் (அவசரகாலத் தாய்-சேய் சிகிச்சை மையம்) உள்ள மருத்துவமனையில்கூட இருப்பது பல இடங்களில் ரத்த சேமிப்பு மையம்தான், ரத்த வங்கி இல்லை. அங்கே டோனரிடம் ரத்தம் எடுக்க முடியாது. அதற்கு ரத்தம் தரும் தாய் ரத்த வங்கியிலிருந்து வந்த யூனிட்டுகள்தான் இருப்பு. ஓ நெகட்டிவ் எத்தனை இருக்கிறது என்று காலையிலேயே தெரியாதவர், இரவில் சிசேரியன் பற்றி முடிவெடுக்க முடியாது. கல்லூரியில் பி.ஜி. ஃபார்ம் எழுதிக் கொடுத்தால் ரத்தம் வந்துவிடும், அதனால் இந்தக் கணக்கு அவருக்குப் பழக்கமில்லை. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள். கர்ப்பப்பைக்குள் ஆணுறை பலூன் வைத்து 108-ல் ஏற்றுவதா, இங்கேயே வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்வதா? மயக்க மருந்து நிபுணர் ஒருவர்தான், அவரும் வேறு கேஸில் இருந்தால்? அனுப்புவதென்றால் முதலில் போன், பிறகு வண்டி. போன் செய்யாமல் அனுப்பிய நோயாளி கல்லூரி வாசலில் அரை மணி நேரம் இழப்பார்.

இந்த இடத்தில் பி.ஜி.யால் ஆகும் ஒரு வேலை வேறு யாராலும் ஆகாது. மாவட்ட மருத்துவமனை அனுப்பும் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று அனுப்பியவருக்கு வழக்கமாகத் தெரியவே தெரியாது. பி.ஜி.க்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு. கல்லூரி லேபர் வார்டில் அவருடைய பேட்ச்மேட் இருக்கிறார். மறுநாள் ஒரு போன் போட்டுக் கேட்டு லாக்புக்கில் எழுதி, வாராந்திர ஒரு மணி நேரத்தில் வாசித்தால், அந்த நிபுணருக்கும் அதுவே பாடம். இரண்டு நிறுவனங்களின் கூட்டு என்பது கண்ணில் தெரிவது இங்கேதான்.

உடற்கூறு, உயிர்வேதியியல், மருந்தியல் பி.ஜி.க்களை என்ன செய்வது என்பது எல்லா ஊரிலும் உள்ள கேள்வி. ஓ.பி. சீட்டு எழுத வைப்பது வீண். உயிர்வேதியியல்காரர் அந்த லேபில் தினசரி கண்ட்ரோல் (கருவி சரியான அளவைக் காட்டுகிறதா என்ற சோதனை) ஓட்டுவதை ஒழுங்குபடுத்தட்டும். மருந்தியல்காரர் மருந்துக் கிடங்கில் உட்காரட்டும்: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பாஸ்புக், இண்டென்ட் (மருந்து கேட்புப் படிவம்), காலாவதி நெருங்கும் இருப்பு, ஏ.எஸ்.வி. மழைக்காலத்துக்குப் போதுமா என்ற கணக்கு. மூன்று மாதத்துக்கு நல்ல வேலை இருக்கிறது.

மூன்று மாதம் போதுமா என்றால் போதாது. வேலூர் சி.எம்.சி.யில் திருச்சபைகளும் மிஷன் மருத்துவமனைகளும் பரிந்துரைத்துச் சேரும் மாணவர்கள் எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டு ஆண்டு அந்த மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறார்கள். முதலாண்டிலேயே கிராமத்தில் தங்கவும் வைக்கிறார்கள். அந்த இரண்டு ஆண்டில் தனியே விட்டுவிடாமல், இருக்கும் இடத்திலேயே படிக்கும்படி இரண்டாம் நிலை மருத்துவமனை மருத்துவத்தில் ஒரு ஃபெல்லோஷிப்பும் வைத்திருக்கிறார்கள். பாண்டு (கட்டாயப் பணி ஒப்பந்தம்) மட்டும் போட்டால் ஆள் நாள் எண்ணுவார். கூடவே பாடமும் இருந்தால் தங்கிக் கற்பார். தாய்லாந்து இதற்கும் மேலே போனது. 1990-களின் நடுவில் தொடங்கிய திட்டத்தில், கிராமப்புற மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, முதல் மூன்று ஆண்டு பல்கலைக்கழகத்திலும் அடுத்த மூன்று ஆண்டு மாகாண மருத்துவமனையிலும் படிக்க வைத்தார்கள். அந்த மாகாண மருத்துவமனைகளில் கற்பித்தலுக்கென்றே தனி மையம் அமைத்தார்கள். அப்படி வந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் கிராமப்புறப் பணியில் தங்குவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம் கையில் இப்போது இருப்பது மூன்று மாதம். அதற்குச் செய்ய வேண்டிய ஏற்பாட்டில் பெரிய செலவு எதுவும் இல்லை. உள்ளே தாழிடக்கூடிய, கழிவறை ஒட்டிய டூட்டி ரூம், பெண் பி.ஜி.க்குத் தனியாக; விதி இதை மாநில அரசின் பொறுப்பு என்கிறது. கல்லூரி அக்கவுண்ட்ஸ் பிரிவு ஸ்டைபண்டை நிறுத்தாமல் இருக்க, மாதம் 25-ஆம் தேதிக்குள் அங்கிருந்து வருகைச் சான்று போய்ச் சேர வேண்டும், இதைப் பி.ஜி. அலைந்து வாங்கக் கூடாது, கண்காணிப்பாளர் அலுவலகம் நேரடியாக அனுப்ப வேண்டும். ஒரு பேட்ச் கிளம்பும் நாளும் அடுத்த பேட்ச் வரும் நாளும் ஒன்றாக இருக்கட்டும். வார்டு நோயாளிகளையும், ரெஃபரல் போன் எண்களையும், புதிய கண்ணாடிக் குழாய்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதையும் பழையவர் புதியவரிடம் நேரில் காட்டிவிட்டுப் போகட்டும்.