பெயர் ஒன்றுதான், ஆள் வேறாம்!

தீபாவளிக்கு முந்தின வாரம் என் பழைய டெஸ்க்டாப் படுத்துவிட்டது. மதர்போர்டு போச்சு, ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றார் கடைக்காரர். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கி லேப்டாப்பில் மாட்டினேன். ஈ டிரைவாக வந்து நின்றது. 'யூசர்ஸ்' உள்ளே என் பெயரில் இருந்த ஃபோல்டரைத் தட்டினால் அனுமதி இல்லை என்றது. 'கன்டினியூ' அழுத்தினேன். மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் திறந்திருந்தது.

ஆனால் போட்டோக்கள் இருந்த 'குடும்பம்' ஃபோல்டர் மட்டும் அதற்கும் மசியவில்லை. செக்யூரிட்டி டேபுக்குப் போ என்றது. போனால், அனுமதிப் பட்டியலைப் பார்க்கவே உரிமை இல்லை என்றது. பின்னால் ஓனரை மாற்றிய பிறகு பார்த்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அக்கவுன்ட் அன்நோன்', பக்கத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண்.

அந்த 'தெரியாத ஆள்' நான்தான். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் எதையாவது அழித்துவிடுவார்கள் என்று, பல வருடம் முன்பு அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் என்னைத் தவிர எல்லோரையும் நீக்கியிருந்தேன். இரண்டு கணினியிலும் எனக்கு ஒரே யூசர் பெயர்தான். விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. அக்கவுன்டை உருவாக்கும்போதே ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணைத்தான் டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. ஒரே தெருவில் இரண்டு முருகேசன் இருந்தால் ரேஷன் கடையில் கார்டு நம்பரைப் பார்ப்பார்களே, அது மாதிரி.

சரி, அட்வான்ஸ்டு போய், ஓனர் பக்கத்தில் 'சேஞ்ச்' அழுத்தி என் பெயரைக் கொடுத்தேன். அப்போதும் திறக்கவில்லை. பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது, சாவி கைக்கு வரவில்லை! ஓனருக்குக் கிடைப்பது அனுமதியை மாற்றும் உரிமைதான். படிக்கும் அனுமதியை நாமே தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுபடி உள்ளே போய் என் பெயரைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்தேன். ஓனர் மாற்றம் உள்ளே இருப்பவற்றுக்கும் பொருந்தட்டும் என்கிற கட்டத்தையும் இந்த முறை டிக் செய்தேன். பழைய அனுமதிகளை அழித்துப் புதிதாகப் போடவா என்று கேட்டது. ஓய்வு பெற்ற டிஸ்க்தானே, 'யெஸ்'. இதையே ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர் மேல் செய்துவிடாதீர்கள். அங்கே ஓனர் ட்ரஸ்டட் இன்ஸ்டாலர் என்கிற விண்டோஸின் சொந்த அக்கவுன்ட், அவரை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

"டேய், தங்கச்சி வளைகாப்பு போட்டோ இருக்கா, இல்லையா?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

"இருக்கும்மா, கொஞ்சம் பொறுங்க."

இடையில் ஒரு மணி நேரம் வெட்டியாகப் போனது. மறைந்திருக்கும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி வைத்திருந்ததால், டாகுமென்ட்ஸுக்குள் மங்கலாக ஒரு 'மை மியூசிக்' தெரிந்தது. எத்தனை தட்டினாலும் மறுப்பு. கடைசியில் அது ஃபோல்டரே இல்லை. பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ப்ரோகிராம்கள் குழம்பாமல் இருக்க, உண்மையான மியூசிக் ஃபோல்டரைக் காட்டி வைத்த கைகாட்டி. திறக்கக் கூடாதென்றே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் காப்பி. பேக்கப், அதற்குள் பேக்கப் பழசு, அதற்குள் நியூ ஃபோல்டர் 2, அதற்குள் இன்னொரு டெஸ்க்டாப் என்று பாட்டியின் டிரங்குப் பெட்டி போலக் கிடந்தது. பாதிக் காப்பியில் பெயர் மிக நீளம் என்று நின்றுவிட்டது. டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் வரை மொத்தம் 260 எழுத்துதான் பழைய கணக்கு. நான் போட்ட இடமும் ஆழமான ஒன்று. டி டிரைவில் நேரடியாக 'ப' என்று ஓரெழுத்து ஃபோல்டர் வைத்து அதற்குள் போட்டேன், கடகடவென்று போனது. இன்னொரு லாபம்: வேறு டிரைவுக்குக் காப்பி செய்தால் பழைய அனுமதி ஒட்டிக்கொண்டு வராது, சேரும் ஃபோல்டரின் அனுமதியே வரும்.

வளைகாப்பு போட்டோ கிடைத்தது. கணக்கு ஃபைல்கள் இருந்த ஒரு ஃபோல்டர் மட்டும் இன்னும் பூட்டுச் சின்னத்தோடு இருக்கிறது. அதை நானே என்கிரிப்ட் செய்திருக்கிறேன், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைத்திருக்கிறேன். ஓனர் ஆனாலும் பயனில்லை, சாவி பழைய அக்கவுன்டில். அந்த டிஸ்க்கிலிருந்தே வேறொரு கணினியை பூட் செய்து, பழைய பாஸ்வேர்டோடு நுழைந்து எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை ஃபார்மட் செய்யாமல் பீரோவில் வைத்திருக்கிறேன்.