பழைய லாரியில் மைலேஜ் போகும் இடம்

சைலன்சரை அறுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் மைலேஜ் ஏறும் என்று சொல்லும் பட்டறைகள் இன்னும் உண்டு. டாடா 1613, 2515 வண்டிகளில் வந்த கம்மின்ஸ் 6பிடி 5.9 லிட்டர் டர்போ இன்ஜினை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. 2,400 ஆர்பிஎம்மில் அதன் பிஸ்டன்கள் நொடிக்கு 118 லிட்டர் அளவுக்குப் புகையை வெளியே தள்ளுகின்றன. சைலன்சர் போன்ற தடைகளால் புகைக்குழாயில் உண்டாகும் எதிரழுத்தம் 10 கிலோபாஸ்கல் இருந்தால், அதற்கு எதிராகத் தள்ள ஒன்றரை குதிரைத்திறன் செலவாகும். 150 குதிரைத்திறனில் அது ஒரு சதவீதம். டர்போவால் இந்த இழப்பு இரட்டிப்பாகிறது என்றே வைத்துக்கொண்டாலும், லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் வண்டிக்கு 80 மீட்டர்தான் கூடும். அதற்காக 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு வழி செய்வது வேண்டாத வேலை.

டீசல் உண்மையில் வீணாவது டர்போவுக்கு முன்னால். சிலிண்டர் ஹெட்டிலிருந்து புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் புகை கசிந்து ஊதினால், டர்போவைச் சுழற்ற வேண்டிய சூடான புகை பக்கவாட்டில் போய்விடுகிறது. டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட் குறையும், காற்று போதாது, கரும்புகை வரும். ஏற்றத்தில் இழுவை இல்லாமல் டிரைவர் இன்னும் மிதிப்பார். டீசல் பம்ப்பைக் குறை சொல்லி கேலிபரேஷனுக்கு அனுப்பும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். இன்ஜின் ஆறியதும் ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஊதும் இடத்தில் மை தீட்டியதுபோல் கரிக்கோடு விசிறியாக விரிந்திருக்கும்.

இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு கேஸ்கெட், மொத்தம் 12 போல்ட். துருப்பிடித்த போல்ட்டை வறட்டுத்தனமாகத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே முறியும். முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். கழற்றிய மேனிஃபோல்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வளைந்திருந்தால் புது கேஸ்கெட் போட்டும் பயனில்லை, சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்தாக வேண்டும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, 43 நியூட்டன் மீட்டர் டார்க்கில் முறுக்குங்கள். ஒரு லோடு அடித்து ஆறிய பிறகு மறுபடி டார்க் பாருங்கள்.

அடுத்தது, புகைக்குழாயை அடைத்து வண்டி வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக். அதன் அடைப்புத் தட்டான பட்டர்ஃபிளையின் தண்டில் கரி ஏறினால் முழுதாகத் திறக்காமல் பாதியில் நிற்கும். பிரேக்கை விட்டதும் லீவர் ஸ்டாப்பரில் போய் முட்டுகிறதா என்று கையால் தொட்டே தெரிந்துகொள்ளலாம். முட்டாவிட்டால் கழற்றிக் கரியைச் சுரண்டி, திரும்பும் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். தண்டுக்குச் சாதா கிரீஸ் வைக்காதீர்கள். அது கருகி இன்னும் இறுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் இழுவை இல்லையென்றால் எதிரழுத்தத்தை அளக்கலாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் போதும். டர்போவுக்கு அடுத்த நேர்க்குழாயில் சிறு துளையிட்டு ஒரு நட்டை வெல்டு செய்யுங்கள். அதிலிருந்து ஒரு மீட்டர் செப்புக்குழாய், அதன் பிறகு டியூப். செப்புக்குழாய் இல்லாமல் நேராக மாட்டினால் சூட்டில் டியூப் உருகிவிடும். டியூபை ஒரு பலகையில் ‘யூ’ வடிவில் கட்டி, ஒவ்வொரு கையும் ஒன்றேகால் மீட்டர் உயரம் இருக்கும்படி வைத்து, பாதி வரை சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் டர்போ டீசலில் சரியான அளவு வராது. முழு லோடுடன், சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் தொப்பூர் கணவாய் மாதிரி ஏற்றத்தில், முழு மிதியில் பார்க்க வேண்டும். பலகையைப் பார்ப்பது கிளீனர் வேலை, டிரைவர் கண் ரோட்டில் இருக்கட்டும்.

இந்த இன்ஜினுக்கு வரம்பு 3 அங்குலப் பாதரசம். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர். அதற்குள் நின்றால் சைலன்சரில் கை வைக்க வேண்டாம். மீறினால், சைலன்சருக்குச் சற்று முன்பு இன்னொரு நட் வைத்து அளந்து பாருங்கள். அங்கேயும் அதே அளவு காட்டினால் சைலன்சருக்குள் தடுப்புத் தகடு முறிந்து அடைத்திருக்கிறது. அதே அளவுள்ள புது சைலன்சர் போட்டால் சரியாகிவிடும். அங்கே மட்டம் நன்றாகக் குறைந்திருந்தால் தடை முன்குழாயில். பெரும்பாலும் வளைவு நசுங்கியிருக்கும். அந்த வளைவை மட்டும் மாற்றுங்கள். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைத்தால் உள்விட்டம் குறையாது.

இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் ஃப்ளெக்ஸிபிள் பைப் ஓட்டையானால் சிலர் அங்கே வெறும் குழாயை வெல்டு செய்துவிடுகிறார்கள். இன்ஜின் ஆடும் ஆட்டம் முழுவதும் டர்போ ஹவுசிங்கில் இறங்கி அது வெடிப்பு விடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது டர்போ செலவாக வந்து நிற்கும்.

இதெல்லாம் பழைய புகை விதிகளான பிஎஸ்-2, பிஎஸ்-3 படி வந்த வண்டிகளுக்கு மட்டும். புகை வடிகட்டியும் யூரியாவும் உள்ள புது வண்டிகளுக்குப் பொருந்தாது.

மைலேஜ் பார்க்கும்போது ஒரே பங்க், ஒரே ரூட், ஒரே எடை, டேங்க் விளிம்பு வரை. வேலைக்கு முன்பு மூன்று டிரிப், பின்பு மூன்று டிரிப். இடையில் டயர் மாற்றாதீர்கள். தேய்ந்த டயர் கி.மீ.யைக் கூட்டிக் காட்டும், புது டயர் குறைத்துக் காட்டும்.