மூன்றாவது குழி

பொங்கல் அன்று காலை அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்னால் எங்கள் குளியலறையில் சாக்கடை பொங்கிவிட்டது. மனைவி வாஷிங் மெஷினைப் போட்டிருந்தாள், அது தண்ணீரை வெளியே தள்ளிய மறு நிமிடம் டாய்லெட்டில் களக் களக் என்று சத்தம், அப்புறம் ஷவரின் வடிகால் ஓட்டை வழியாகச் சாம்பல் நிறத் தண்ணீர் மெதுவாக ஏறி, சோப்பு நுரையும் நான் விவரிக்க விரும்பாத வேறு சிலதுமாகத் தேங்கி நின்றது. வீட்டிலேயே தாழ்வான வடிகாலில்தான் முதலில் ஏறும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு தொட்டியில் அடைப்பு என்றால் அந்தத் தொட்டியோடு போகும், ஒன்றில் ஊற்றினால் இன்னொன்றில் வருகிறது என்றால் தெருவுக்குப் போகும் பெரிய குழாயில் கோளாறு.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில், பெர்க்லி பக்கம். வீடு 1947இல் கட்டியது, செப்டம்பரில்தான் வாங்கினோம். இந்தப் பக்கம் பல ஊர்களில் வீடு கைமாறும்போது சாக்கடைக் குழாய் ஒழுகாமல் இருக்கிறது என்று ஈஸ்ட் பே முனிசிபல் யுட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்ற குடிநீர், சாக்கடை வாரியத்திடம் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஒரு லட்சம் டாலருக்கு மேல் வீட்டைப் புதுப்பித்தாலும் இதே கதைதான். காரணம் மழை. விரிசல் விட்ட வீட்டுக் குழாய்களுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, சுத்திகரிப்பு நிலையம் தாங்க முடியாமல், அரைகுறையாகச் சுத்தம் செய்த சாக்கடை வளைகுடாவில் கலந்துகொண்டிருந்தது, அதற்காக வழக்கு நடந்து 2014இல் ஒப்பந்தம் போட்டார்கள். நாங்கள் வாங்கும்போது குழாயை மாற்ற நேரமில்லை என்று 4,500 டாலரைப் பிணையாக வைத்து 180 நாள் அவகாசம் எடுத்திருந்தோம். அதில் நூறு நாளுக்கு மேல் நான் அதைப்பற்றி நினைக்கக்கூட இல்லை. பொங்கல் அன்று அது தானே வந்து ஞாபகப்படுத்தியது.

அந்த நேரம் மாமனார் எங்களோடு இருந்தார். கோவில்பட்டிக்காரர், பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர், பேரனைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்து இரண்டு மாதத்திலேயே வேலையில்லாமல் வெறுத்துப் போயிருந்தார். சாக்கடை ஏறியதும் அவர் முகத்தில் தெரிந்தது கவலை இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் வந்த கம்பெனி ஆள் சுருள் கம்பி விட்டு அடைப்பை எடுத்தார். கம்பியின் நுனியில் வந்தது ஒரு கட்டு வேர், நனைந்த சவுரி மாதிரி, அரை முழம் இருக்கும். அந்தக் காலத்துக் களிமண் குழாய், 4 அங்குலம், துண்டு துண்டாக வைத்துச் சிமெண்டுக் கலவையால் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு விட்டதும் ஈரத்தை மோப்பம் பிடித்து வேர் உள்ளே போகும். கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, "தோட்டத்தில் ஒரு கரண்டி மண் எடுக்க வேண்டாம், உள்ளேயே லைனிங் போட்டுவிடலாம், 11,000 டாலர்" என்றார். எனக்கு அது தேனாக இனித்தது. ஏனென்றால் குழாய் போகிற வழியில் ஒரு எலுமிச்சை மரம், அதற்கு அடுத்து செங்கல் படி, அதற்கு அடுத்து போன மாதம்தான் காசு கொட்டிப் போட்ட கார் நிறுத்தும் தளம். எல்லாவற்றையும் வெட்டிப் பள்ளம் தோண்டி மாற்ற இன்னொருவர் 18,000 கேட்டிருந்தார்.

லைனிங் என்பது பழைய குழாயின் உள்ளே, பிசினில் ஊறவைத்த துணிக் குழாயைக் காற்றழுத்தத்தால் புரட்டி விட்டு, வெந்நீரோ நீராவியோ கொடுத்து இறுக வைப்பது. குழாய்க்குள் ஒரு குழாய். 1971இல் லண்டனில் எரிக் வுட் என்ற எஞ்சினியர் முதலில் செய்து பார்த்தது, இன்றைக்கு உலகம் பூராவும் செய்கிறார்கள். நல்ல தொழில்நுட்பம்தான், குறை சொல்லவில்லை. அட்வான்ஸ் கட்டக் கையில் கார்டை எடுத்துவிட்டேன்.

மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வாட்டம் பாத்தாங்களா மாப்பிள்ளை?"

நம் ஊரில் கொத்தனாரிடம் வேலை வாங்கியவர்களுக்கு வாட்டம் தெரியும், மொட்டை மாடித் தளம் போடும்போதும் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டும்போதும் தண்ணீர் ஓட வேண்டிய பக்கம் தரை சாய்கிற அந்தச் சின்னச் சரிவு. இங்கே 4 அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கு வைக்கிறார்கள். கம்பெனி ஆள் எனக்குக் காட்டியது போனில் மூன்று நிமிட வீடியோ, அதில் வேர் மட்டும் தெரிந்தது. முழு வீடியோ வேண்டும் என்று கேட்டதற்கு இரண்டு நாள் பதிலே இல்லை. அப்புறம் வேறொருவரைக் கூப்பிட்டுத் தனியாகக் காசு கொடுத்துக் கேமரா விடச் சொன்னோம். இந்த ஆள் முதலில் சமையலறைக் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் தண்ணீர் ஓட விட்டார், அதற்குப் பிறகுதான் கேமராவை இறக்கினார். காய்ந்த குழாயில் கேமரா விட்டால் பள்ளம் தெரியாதாம்.

திரையின் மூலையில் அடி கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. 8 அடியில் வேர், 14 அடியில் இன்னொரு வேர், 22 அடி வந்ததும் படம் மங்கிப் பழுப்பாகிக் குமிழி மட்டும் தெரிந்தது. "கேமரா முங்குது பாருங்க, இங்கதான் தண்ணி நிக்கி" என்றார் மாமா. 28 அடியில் கேமரா மறுபடி தலையைத் தூக்கியது. நடுவில் ஆறு அடிக்குக் குழாய் தொட்டில் மாதிரி தொங்கிப் போயிருக்கிறது. மேலே ஒருவர் கையில் கருவியோடு நடந்து, கேமரா நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் புல்லில் பெயிண்ட் அடித்தார். எலுமிச்சை மரத்துக்கும் செங்கல் படிக்கும் நடுவில், நான்கு அடி ஆழத்தில்.

லைனிங் போட்டிருந்தால் அந்தத் தொட்டிலையும் அப்படியே அச்சு எடுத்திருக்கும். வேர் வராது, ஒழுகாது, ஒழுகல் சோதனையில்கூடத் தேறியிருக்கும். ஆனால் ஆறு அடிப் பள்ளத்தில் எண்ணெயும் மலமும் தங்கிக்கொண்டே இருக்கும், இரண்டு வருடம் கழித்து எனக்கு மறுபடி பொங்கல். பதினோராயிரம் டாலர் கொடுத்துக் கோளாறுக்குப் பளபளவென்று சட்டை தைத்துப் போட்டது மாதிரி. அந்த ஆள் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், தோண்டக்கூடாது என்று நான் கேட்டேன், தோண்டாத வேலையை அவர் விற்றார்.

குழாய் ஏன் தொங்கியது என்பதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது. பெயிண்ட் அடித்த இடத்தில் விரலால் மண்ணைக் கிள்ளி உருட்டிப் பார்த்தவர், "இது நம்ம கரிசல்லா" என்றார். உண்மைதான், இந்தப் பக்கத்து மண்ணை இவர்கள் அடோபி என்கிறார்கள், மழையில் ஊறி உப்பும், கோடையில் வெடித்துப் பிளக்கும். எழுபத்தைந்து வருடம் அப்படி மூச்சு விட்ட மண்ணில் துண்டுக் குழாய் நேராக இருந்தால்தான் ஆச்சரியம்.

கடைசியில் செய்தது பைப் பர்ஸ்டிங். பழைய குழாயை உள்ளிருந்தே உடைத்துக்கொண்டு அந்த வழியிலேயே புதுக் குழாயை இழுப்பது. இதுவும் இங்கிலாந்துக்காரர்கள் கண்டுபிடித்தது, 1970களின் கடைசியில் பழைய வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களை மாற்றுவதற்காக. வீட்டுப் பக்கம் ஒரு குழி, நடைபாதை ஓரம் ஒரு குழி, நடுவில் 45 அடியைத் தொட வேண்டாம். விலை 9,800 சொன்னார்கள். ஆனால் இதிலும் புதுக் குழாய் பழைய குழாயின் வழியில்தான் போகும், தொட்டிலை அதுவாக நிமிர்த்தாது. ஆகவே மண்ணே தொடக்கூடாது என்று ஆரம்பித்த நான், 1,900 டாலர் கூடக் கொடுத்து மூன்றாவது குழி ஒன்று தோண்டுங்கள் என்று நானே கேட்கும்படி ஆனது.

தோண்டுவதற்கு முன்னால் 811 என்ற போன் எண்ணுக்குச் சொல்ல வேண்டும், இலவசம். ஒவ்வொரு துறையாக வந்து தரையில் கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள், எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், மின்சாரத்துக்குச் சிவப்பு, போன் கம்பிக்கு ஆரஞ்சு, சாக்கடைக்குப் பச்சை. மார்கழி முழுவதும் வாசலில் கோலம் போடாத வீட்டுக்கு தை மாசத்தில் கலர் கோலம். மஞ்சள் கோடு எங்கள் குழாயைக் குறுக்கே வெட்டியது, அந்த இடத்தை மட்டும் கையால் தோண்டி எரிவாயுக் குழாயைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. உடைபடும் ஓடுகள் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இழுத்தால் விபரீதம்.

நடைபாதைக் குழி ஐந்தரை அடி ஆழம். ஐந்து அடியைத் தாண்டினால் மண் சரியாதபடி முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக்கூடாது என்று கலிஃபோர்னியாவில் சட்டம். பலகை வைத்து, ஜாக்கி மாதிரி ஒன்றை நடுவில் இறுக்கி, ஏணி வைத்து, அதற்கே முக்கால் மணி நேரம். மாமா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைக்கக்கூடாது என்று நம் ஊரில் 2013இல் புதுச் சட்டமே வந்தது, அதற்கு அப்புறமும் சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர்கள் செய்தி வருவது நிற்கவில்லை. அவர் வேலை பார்த்த காலத்தைப்பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். காபி ஆறிப்போகும் வரை ஒன்றும் சொல்லவில்லை.

கறுப்பு எச்.டி.பி.இ பிளாஸ்டிக் குழாயைத் துண்டுகளாகக் கொண்டுவந்தார்கள். இரண்டு முனைகளையும் ஒரு சூடான தகட்டில் வைத்து உருக்கி, தகட்டை எடுத்துவிட்டு ஒன்றோடு ஒன்று அழுத்திப் பிடித்தால், இணைப்பில் முறுக்கு விளிம்பு மாதிரி ஒரு வளையம் பிதுங்கி நிற்கிறது. ஆறியதும் அது ஒரே குழாய், வேர் நுழைய இடுக்கே கிடையாது. 50 அடி நீளப் பாம்பு கார் நிறுத்தும் தளத்தில் படுத்துக் கிடந்தது. பழைய குழாய்க்குள் ஒரு எஃகு வடத்தைக் கோத்து, வீட்டுப் பக்க முனையில் கூம்பு மாதிரி ஓர் இரும்புத் தலையை மாட்டி, அதன் வாலில் கறுப்புக் குழாயைப் பொருத்தி, நடைபாதைக் குழியிலிருந்து ஹைட்ராலிக் இயந்திரத்தால் இழுத்தார்கள். நான் பெரிய சத்தத்தை எதிர்பார்த்தேன். காலுக்கடியில் யாரோ மெத்தைக்குள் வைத்துச் சட்டி பானை உடைக்கிற மாதிரி ஒரு மொத்து, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு மொத்து, அவ்வளவுதான். மூன்றாவது குழியில் எட்டிப் பார்த்தபோது சேறு அப்பிய இரும்புத் தலை மெல்ல மூக்கை நீட்டி, குழியைக் கடந்து எதிர்ச் சுவருக்குள் மறுபடி நுழைந்தது. அரை மணி நேரத்தில் இழுத்து முடிந்தது.

மூன்றாவது குழிக்குத்தான் நேரம் பிடித்தது. ஊறிப்போன களிமண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, கீழே உடைகல் கொட்டி, குழாயைத் தூக்கி, லெவல் வைத்து, குறைகிறது என்று மறுபடி கல் போட்டு, இப்படியே ஒன்றரை மணி நேரம். மாமாவால் அதற்கு மேல் உள்ளே இருக்க முடியவில்லை, வேட்டிமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குழியோரம் வந்து நின்றுவிட்டார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, வேலை செய்த பையனுக்குத் தமிழ் தெரியாது. ரசமட்டத்தின் குமிழியைக் காட்டி மாமா கையை லேசாகச் சாய்த்தார், பையன் தலையாட்டிவிட்டு இன்னும் ஒரு கை கல் போட்டான்.

மறுநாள் சோதனை. குழாயின் கீழ் முனையை அடைத்துவிட்டு, வீட்டோரம் புதிதாக வைத்த க்ளீன்அவுட் (அடைப்பு எடுக்கத் திறக்கும் மூடி போட்ட வாய்) வழியாகத் தண்ணீர் நிரப்பி மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பது. இறங்கவில்லை. முழுக் குழாயும் புதிது என்பதால் சான்றிதழ் 20 வருடத்துக்குச் செல்லும். பிணைப் பணமும் திரும்பியது. வீட்டுக் காப்பீட்டுக்காரர்கள் ஒரு பைசா தரவில்லை, பழசாகித் தேய்ந்தது எங்கள் பாலிசியில் வராதாம்.

உங்கள் வீட்டில் இந்த வேலை வந்தால் முழு வீடியோவை, தண்ணீர் ஓட விட்டு எடுத்ததை, கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவருக்கு வேலை கொடுக்க வேண்டாம். எங்கிருந்து எங்கு வரை உங்கள் பொறுப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும், அதையும் விசாரித்துவிட்டே பேரம் பேசுங்கள். எங்கள் எதிர் வீட்டுக்காரர் லைனிங் போட்டு நிம்மதியாக இருக்கிறார், அவர் குழாயில் வாட்டம் சரியாக இருந்தது.

எலுமிச்சை பாதி இலையைக் கொட்டியது, ஏப்ரலில் துளிர்த்துவிட்டது. மாமாவும் அந்த மாதம் ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் மழை பெய்து மூன்றாவது குழி மூடிய இடம் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். மண் வாங்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டதற்கு அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "இப்ப போடாதீங்க மாப்பிள்ளை. இன்னும் ரெண்டு மழை குடிக்கட்டும்."