சராசரி சிபியு-வை முதலாளியிடம் காட்டாதீர்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சர்வர் பார்ப்பவர்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி, "ஏனுங் தம்பி, புது சர்வர் வாங்கியே ஆகோணுங்களா?" வாயால் பதில் சொன்னால் எடுபடாது, எண் வேண்டும். சர்வர்களைக் கண்காணிக்கும் ஜாபிக்ஸ் சாஃப்ட்வேர் ஓடுகிற இடமென்றால் அந்த எண் ஏற்கெனவே அதன் டேட்டாபேஸில்தான் கிடக்கிறது, ஒரு குவெரி போட்டு எடுக்க வேண்டியதுதான்.

பலரும் மாதம் முழுவதற்குமான சராசரியை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். ஒரு நாளில் 22 மணி நேரம் சிபியு பயன்பாடு 5 சதவீதம், மீதி 2 மணி நேரம் 95 சதவீதம் என்றால் சராசரி 12.5, இதைப் பார்த்து யார் பணம் தருவார்கள்? ஆனால் அந்த 2 மணி நேரம் சனிக்கிழமை சம்பளக் கணக்கு ஓடுகிற நேரமாக இருந்தால் கம்பெனியே அக்கவுண்ட்ஸ் ரூம் வாசலில் நிற்கும்.

அதனால் ஜாபிக்ஸ் டேட்டாபேஸில் உள்ள ட்ரெண்ட்ஸ் (trends) டேபிளுக்குப் போங்கள். மணிக்கு ஒரு வரி, அதில் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம் மூன்றும் இருக்கும். கிழமையும் மணியும் வைத்து குரூப் செய்து அதிகபட்சத்தை எடுத்தால் எந்த நேரத்தில் திணறுகிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். அதே நேரத்தில் பேக்கப்பும் ஓடி அதனால்தான் திணறுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் சர்வர் விலை கேளுங்கள்.

டேபிளில் நேரம் யுனிக்ஸ் நொடிகளில் (1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள்) இருக்கும், மணிக்கணக்கு யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வெட்டப்பட்டது. நம் நேரத்துக்கு 5.30 கூட்டினால் ஒவ்வொரு வரியும் அரை மணியில்தான் தொடங்கும்: 8.30, 9.30 என்று. சென்னை ஐடி கம்பெனிக்காரர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம், இங்கே ஷிஃப்ட்டே காலை 8.30-க்குத் தொடங்குவதால் நமக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

மெமரி தனி விஷயம். பைட்டில் பதிவாகும் முழு எண்கள் ட்ரெண்ட்ஸ்_யுஇன்ட் (trends_uint) என்ற வேறு டேபிளில் இருக்கும், முதல் டேபிளில் எவ்வளவு தேடினாலும் ஒரு வரிகூட வராது. அங்கேயும் "பயன்படுத்தியது" எவ்வளவு என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், சும்மா இருக்கிற மெமரியை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும். "அவைலபிள்", அதாவது கேட்டால் கிடைக்கக்கூடிய மெமரி அளவின் குறைந்தபட்சத்தை எடுங்கள். அது வாரம் தவறாமல் தரையைத் தொட்டால் மட்டும் ரேம் வாங்கக் கேளுங்கள்.